சாயம் போகாத கம்பளி

ஆங்கிலத்தில் ‘டைட் இன் தி வூல்’ என்று ஒரு மரபுத்தொடர் உண்டு. செம்மறியாட்டு முடியை நூலாக நூற்பதற்கு முன்பே சாயத்தில் முக்கினால் இழை இழையாக நிறம் ஏறிவிடும், லேசில் போகாது. அதுபோல, கொண்ட கொள்கையை மாற்றாதவரை இப்படிச் சொல்வார்கள். அமெரிக்காவில் ஊறிப்போன கட்சிக்காரரை ‘டைட் இன் தி வூல் டெமாக்ரட்’ என்பார்கள்.

எங்க அப்பத்தாவும் அப்படித்தான். “பொட்டப்புள்ளைக்குப் பத்தாவது போதும்டி” என்ற பேச்சை மாத்தவே மாட்டாங்க. அவங்களை மூணாவதோடு நிறுத்திட்டாங்களாம். பாவம், சின்ன வயசிலேயே ஏறிய சாயம்.

எனக்கும் இது சாயம் ஏறுகிற வயசுதான். பன்னிரண்டாவதுக்கு மேலேயும் படிப்பேன் என்ற சாயத்தை ஏத்திக்கிட்டேன். நானும் அப்பத்தா பேத்திதானே, மாற மாட்டேன்!