நீரோவின் பன்னிரண்டாம் ஆண்டு

ரோமப் பேரரசின் மாகாண நாணயங்களைச் சேர்த்த ஒரு கப்பல் என்ஜினியரின் தட்டில் ஒரே ஒரு சீட்டு மட்டும் வெகுகாலம் காலியாகக் கிடந்தது.

மும்பை செம்பூரில் மூன்றாவது மாடி ஃபிளாட். ஞாயிற்றுக்கிழமை காலை பேப்பர் படித்து முடித்ததும் அவர் இரும்பு பீரோவைத் திறந்து, குழி குழியாக வெல்வெட் ஒட்டிய இரண்டு மரத்தட்டுகளை வெளியே எடுக்கிறார். மேஜை விளக்கு, பூதக்கண்ணாடி, ஆறிப்போன காபி. தட்டுகளில் 41 நாணயங்கள். தங்கம் ஒன்றுகூடக் கிடையாது. பெரும்பாலும் செம்பும் வெண்கலமும்தான்: பச்சை பூத்தவை, விளிம்பு பிளந்தவை, முகம் தேய்ந்தவை. பழைய பாத்திரக்காரர் எடை போட்டால் அரைக் கிலோ தேறலாம்.

எழுபத்தைந்தைத் தாண்டிய இந்த மனிதர் சரக்குக் கப்பல்களில் என்ஜினியராக முப்பது வருடம் உழைத்து ஓய்வு பெற்றவர். சக ஊழியர்கள் துறைமுகத்துக்குத் துறைமுகம் டேப் ரிக்கார்டரும் சென்ட்டும் வாங்கிய காலத்தில் இவர் வாங்கியது இதை. ரோம நாணயம் என்றதும் வீட்டுக்கு வருகிறவர்கள் சீசரையும் பொன்னையும் எதிர்பார்க்கிறார்கள். தட்டைப் பார்த்ததும் முகம் வாடிவிடுகிறது. "இதெல்லாம் ரோமிலே அடிச்சதில்லை. மாகாணத்துச் சில்லறை" என்று அவர் ஆரம்பிக்கும்போது பாதிப்பேர் கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கிவிடுகிறார்கள்.

அவர்கள் இழப்பது கொஞ்சநஞ்சமல்ல. பேரரசு எங்கும் செல்லுபடியான தங்கத்தையும் வெள்ளியையும் மைய அரசு தன் கையில் வைத்துக்கொண்டது. அன்றாடச் செலவுக்கான செப்புக்காசை, குறிப்பாகக் கிரேக்க மொழி பேசிய கிழக்கு மாகாணங்களில், உள்ளூர் நகரங்களே அடித்துக்கொண்டன. கி.மு. முதல் நூற்றாண்டிலிருந்து கி.பி. மூன்றாம் நூற்றாண்டின் இறுதிவரை இப்படி 500க்கும் மேற்பட்ட நகரங்கள் தத்தமது பெயரில் நாணயம் வெளியிட்டன. முன்பக்கம் பெரும்பாலும் சக்கரவர்த்தியின் தலை. அதில் வாலாட்ட முடியாது. பின்பக்கம் மட்டும் ஊருக்குச் சொந்தம். அங்கேதான் ஒவ்வொரு ஊரும் தன் பெருமையைப் பேசியது.

எபேசஸ் தன் ஆர்ட்டெமிஸ் கோயிலைப் பொறித்தது. டயர் நகரம் தனக்குச் செல்வம் தந்த சாயச் சங்கைப் பொறித்தது. இன்று சிரியாவில் ஹோம்ஸ் என்று அழைக்கப்படும் எமெசாவின் காசில் கூம்பு வடிவக் கல் ஒன்று, மேலே ஒரு கழுகு. நம்மவர்கள் பார்த்தால் லிங்கம் என்றே கையெடுத்துக் கும்பிடுவார்கள். அந்தக் கல்லுக்குப் பூசை செய்த குடும்பத்துப் பையன்தான், பின்னாளில் எலகபாலஸ் என்று அழைக்கப்பட்டவன், 218இல் ரோமாபுரிக்கே சக்கரவர்த்தியானான். போகும்போது கல்லையும் கூடவே கொண்டுபோனான். துருக்கியில் இருந்த அபமேயா என்ற ஊர், நோவாவும் மனைவியும் பெட்டகத்துக்குள் நிற்பதையும் புறா பறந்து வருவதையும் காசில் காட்டியது. பெட்டியின் மேலேயே நோவாவின் பெயர். விவிலியக் கதை ஒன்று இந்த அளவுக்குத் தெளிவாக ரோம நாணயத்தில் இடம்பெற்றது அபூர்வம். அதை அவர் படத்தில்தான் பார்த்திருக்கிறார். அதன் விலை அவருடைய பென்ஷனுக்கு எட்டாது.

அரசியலும் இந்தச் செம்பில் உறைந்து கிடக்கிறது. 211இன் இறுதியில் கரகல்லா தன் தம்பி கேட்டாவைக் கொன்றுவிட்டு, அவன் பெயரும் உருவமும் எங்கும் இருக்கக்கூடாது என்று ஆணையிட்டான். அண்ணனும் தம்பியும் எதிரெதிரே பார்க்கும்படி பெர்கமம் போன்ற ஆசிய நகரங்கள் அடித்திருந்த காசுகளில், தம்பியின் முகத்தை மட்டும் உளியால் செதுக்கி எடுத்துவிட்டார்கள். அண்ணன் இன்றும் அந்த வெற்றிடத்தை முறைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறான். பால்மைராவின் அரசி ஜெனோபியா எகிப்தைப் பிடித்தபோது, அலெக்ஸாண்ட்ரியாவின் காசில் ஒரு பக்கம் ரோமச் சக்கரவர்த்தி ஆரேலியன், மறுபக்கம் அவள் மகன் வபல்லாதஸ். ஆரேலியனுக்கு முதல் ஆண்டு என்றும் பையனுக்கு நான்காம் ஆண்டு என்றும் அதில் ஆண்டுக் கணக்கு. யார் மூத்தவர் என்பதை இதைவிட மரியாதையாகச் சொல்லிவிட முடியாது. 272இல் பையன் தனியாகவே பேரரசன் என்று காசடித்தான். அதே ஆண்டில் கதை முடிந்தது.

என்ஜினியருக்கு மிகவும் பிடித்தது இந்த ஆண்டுக் கணக்குதான். எகிப்திய நாணயத்தில் எல் எழுத்து மாதிரி ஒரு குறி இருக்கும். அதற்கு அடுத்த கிரேக்க எழுத்துகள்தாம் எண். ஆல்ஃபா ஒன்று, பீட்டா இரண்டு. எகிப்தில் புத்தாண்டு ஆகஸ்ட் 29. ஒருவர் எந்த மாதம் பட்டத்துக்கு வந்தாலும் அந்த ஆகஸ்டோடு முதல் ஆண்டு முடிந்துவிடும். அதனால்தான் 68 ஜூனில் வந்து 69 ஜனவரியில் கொலையுண்ட கால்பாவுக்கு, ஏழே மாத ஆட்சியில் முதல் ஆண்டுக் காசும் இருக்கிறது, இரண்டாம் ஆண்டுக் காசும் இருக்கிறது. தேதி போட்ட காசு கையில் இருந்தால் சாதாரண மனிதனும் சரித்திர ஆசிரியனாகிவிடலாம் என்பது அவர் கட்சி.

இரண்டாவது தட்டின் நடுக்குழியில் இருப்பதும் தேதி போட்ட காசுதான். நீரோ காலத்து நான்கு திராக்மா நாணயம். கொஞ்சம் வெள்ளி, மிச்சம் செம்பு. பன்னிரண்டாம் ஆண்டு, அதாவது 65 ஆகஸ்ட் கடைசி முதல் 66 ஆகஸ்ட் வரை. பின்பக்கம் அலெக்ஸாண்ட்ரியா நகரமே ஒரு பெண்ணாக; தலையில் யானைத்தோல் கவசம், நெற்றிக்கு மேலே எழும்பிய தும்பிக்கை. இந்த யானைக் கவசத்தை முதலில் அணிந்தது காசுகளில் வரும் அலெக்ஸாண்டர்; அவனுக்குப் பின் எகிப்தை ஆண்ட தாலமி அப்படிப் பொறித்தான். இந்தியப் படையெடுப்பின் நினைவு அது என்பார்கள். நம் யானை அங்கே போய்ச் சேர்ந்த கதை அது.

மற்ற 40 குழிகளிலும் காசுக்கு அடியில் ஒரு சீட்டு உண்டு: ஊர், ஆண்டு, எடை, யாரிடம் வாங்கியது. இந்தக் குழியில் இருந்த சீட்டு மட்டும் காலி.

அது 1985. கப்பல் அலெக்ஸாண்ட்ரியாவில் நான்கு நாள் நின்றது. துறைமுக வாசலில் நீண்ட அங்கி அணிந்த ஒருவர், செய்தித்தாளில் பொதிந்த மூன்று காசுகளை நீட்டினார். கொஞ்சம் டாலரும் நான்கு சிகரெட் பாக்கெட்டும் கைமாறின. கேபினுக்கு வந்து விளக்கின்கீழ் பார்த்தபோது இரண்டில் விளிம்பைச் சுற்றி மெல்லிய கோடு தெரிந்தது. அச்சில் அடித்தவை அல்ல, வார்ப்பில் ஊற்றிய போலிகள். மூன்றாவது நிஜம். தும்பிக்கைக்கும் காதுக்கும் இடையே மண் அடைத்திருந்தது. அன்றிரவே எலுமிச்சம்பழமும் பல் துலக்கும் பிரஷும் கொண்டு தேய்த்துத் தேய்த்து அதைப் பளபளப்பாக்கினார். பழைய காசை ஒருபோதும் தேய்க்கக்கூடாது என்ற பாலபாடம் அவருக்குத் தெரியவந்தது பல வருடங்களுக்குப் பிறகு.

1992இல் பர்னெட், அமாண்ட்ரி, ரிப்போயெஸ் என்ற மூன்று அறிஞர்கள் தொகுத்த ரோம மாகாண நாணயங்களின் முதல் தொகுதி வெளிவந்தது. சீசர் கொலையுண்ட கி.மு. 44 முதல் கி.பி. 69 வரையிலான காசுகளுக்கு அது அகராதி. அதன் பக்கங்களில் தன் காசைக் கண்டுபிடித்தபோது அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம். மிகச் சாதாரண ரகம். நீரோ எகிப்தில் வண்டி வண்டியாக அடித்துத் தள்ளியிருந்தான். ஆனாலும் தட்டின் நடு இடத்தை அதனிடமிருந்து பறிக்க மனம் வரவில்லை.

சட்டம் படிக்கும் பேத்தி ஒரு விடுமுறையில் தட்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தாத்தா, இதுல மட்டும் ஏன் ஒண்ணும் எழுதலை?"

"எங்கே கிடைச்சதுன்னு தெரியாதும்மா."

"தெரியாதா, இல்லே கேக்கலையா?"

அவர் பதில் சொல்லவில்லை. அடுத்த வாரம் பேத்தி ஒரு தகவலோடு வந்தாள். எகிப்தில் 1983இல் வந்த 117ஆம் எண் சட்டம் பழம்பொருள் வியாபாரத்தையே தடைசெய்துவிட்டது. அதற்கு முன் லைசென்ஸ் பெற்ற கடைகள் இருந்தன. தாத்தா சிகரெட் பாக்கெட் நீட்டியது சட்டம் வந்து இரண்டு வருடம் கழித்து.

"ஊர் உலகமெல்லாம் அப்படித்தான் வாங்கினது" என்றார் அவர். சொல்லும்போதே அது எடுபடாது என்று அவருக்கே தெரிந்தது. அவர் ஒரு தடவை சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போனபோது ரோம நாணயங்களின் முன் வெகுநேரம் நின்றவர். தமிழகத்தில் கிடைத்த ரோம வெள்ளிக்காசுகளில் பெரும்பாலானவை அகஸ்டஸ், டைபீரியஸ் காலத்து இரண்டே ரகங்கள். அவை அடிக்கப்பட்டது ரோமில் அல்ல, கால் மாகாணத்தின் லுக்டுனத்தில், இன்றைய பிரான்சின் லியோன் நகரில். அதே ரகம் ஐரோப்பியச் சந்தையில் தாராளமாகக் கிடைக்கிறது. அங்கே அது இன்னொரு பழைய காசு. கொங்கு நாட்டு மண்ணிலிருந்து வந்தது என்று தெரிந்துவிட்டால் அதுவே மிளகுக்கும் மணிக்கும் கடல் கடந்து வந்த ஒரு வாணிபத்தின் சாட்சி. புதுக்கோட்டைப் பகுதியில் 1898இல் 501 ரோமப் பொற்காசுகள் ஒரே புதையலாகக் கிடைத்தன. அவற்றில் மிகப் பெரும்பாலானவற்றில் மன்னர் முகத்தின் குறுக்கே வெட்டு விழுந்திருந்தது. ஒன்றாகக் கிடைத்ததால்தான் அந்த வெட்டு ஒரு கேள்வியாயிற்று. ஆளுக்கொன்றாகச் சிதறிப் போயிருந்தால் யாரோ கெடுத்த காசு என்று தள்ளியிருப்பார்கள்.

நம் நாட்டிலும் 1878 முதலே புதையல் சட்டம் இருக்கிறது. பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ளது மண்ணில் கிடைத்தால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். கரூர் ஆற்று மணலிலிருந்து யாராவது ஒரு காசைக் கிளறி எடுத்து வெளிநாட்டு மாலுமிக்கு விற்றால் அவருக்கு எப்படி இருக்கும்? நிச்சயம் கோபம் வரும். அப்படியானால் அலெக்ஸாண்ட்ரியாக்காரருக்கு வரக்கூடாதா? இந்த ஒரு கேள்வி அவரைப் பல ராத்திரிகள் தூங்கவிடவில்லை.

நாணயம் சேர்ப்பவர்கள் பக்கமும் நியாயம் இல்லாமலில்லை. கோடிக்கணக்கில் புழங்கிய செப்புக்காசுகளை எந்த அருங்காட்சியகமும் முழுக்கக் காட்சிக்கு வைக்க முடியாது. தேய்ந்த எழுத்தைக் கூட்டிப் படித்து, எடை போட்டு, அச்சுக்கு அச்சு ஒப்பிட்டு இந்தத் துறைக்கு உரம் போட்டதில் அமெச்சூர்களின் பங்கு பெரிது. ஆனால் சிரியாவில் போர் மூண்ட பிறகு அங்குள்ள இன்னொரு அபமேயாவின் செயற்கைக்கோள் படம் வெளியாயிற்று. பழைய நகரம் முழுக்க அம்மை போட்ட முகம் மாதிரி ஆயிரக்கணக்கான திருட்டுக் குழிகள். அந்தப் படத்தைப் பார்த்த அன்றே, பழைய ரசீது இல்லாத காசு எதையும் வாங்குவதில்லை என்று அவர் நிறுத்திக்கொண்டார். நிறுத்தியது சரி, நடுக்குழிக்கு என்ன பதில்?

மனைவி வழி சொன்னார். "இத்தனை யோசனை எதுக்கு? வந்த இடத்துக்கே போகட்டும்."

விசாரித்ததில் ஒன்று தெரிந்தது. அலெக்ஸாண்ட்ரியாவின் கிரேக்க-ரோம அருங்காட்சியகம் 2005இல் மூடப்பட்டு, நீண்ட புனரமைப்புக்குப் பிறகு 2023 அக்டோபரில் மீண்டும் திறக்கப்பட்டது. கூரியரில் போட்டுவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தார். பேத்தி தலையில் அடித்துக்கொண்டாள். நூறு வருடத்துக்கு மேற்பட்ட காசு எதையும் தனியார் இந்தியாவிலிருந்து வெளியே அனுப்ப 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் இடம் தராது. சிகரெட் பாக்கெட்டுக்கு வாங்கிச் சட்டைப்பையில் போட்டுவந்தது எளிதாக இருந்தது. திருப்பித் தருவதற்குத்தான் இரண்டு நாட்டுச் சட்டங்களையும் கடந்தாக வேண்டும்.

எனவே எகிப்துத் தூதரகத்துக்கு ஒரு கடிதம். பேத்தி எழுதிய வாசகத்தில் "நல்லெண்ணத்துடன் பெறப்பட்ட" என்று ஒரு சொற்றொடர் இருந்தது. அவர் அதை அடித்துவிட்டார். "நல்லெண்ணமும் இல்லே, கெட்ட எண்ணமும் இல்லே. எண்ணமே இல்லாம வாங்கினேன். அதையே எழுது" என்றார். கடிதம் போய்விட்டது. பதிலுக்குக் காத்திருக்கிறார். அரசாங்கக் காரியம், இத்தனை சாதாரணக் காசுக்குப் பதில் வருமா என்பதே சந்தேகம்தான். வராவிட்டால் இன்னொரு கடிதம் போடுவாராம்.

இதற்கிடையில் ஒரு ஞாயிறு காலை அவர் நடுக்குழிச் சீட்டை எடுத்து மேஜையில் வைத்தார். மற்றவற்றில் உள்ள அதே சின்ன, சரிந்த எழுத்தில் எழுதினார்: "நீரோ, 12ஆம் ஆண்டு. அலெக்ஸாண்ட்ரியா துறைமுக வாசல், 1985. மண் இருந்தது, தேய்த்துவிட்டேன். தோண்டிய இடம் கேட்கவில்லை."

பிறகு காசை அதன் மேல் வைத்துத் தட்டை மூடினார்.