ஒட்டுக் கன்று

நல்ல மாம்பழத்தைத் தின்றவனுக்கு அதன் கொட்டையைக் கொல்லையில் புதைக்கத் தோன்றுகிறது. முளைக்கத்தான் செய்யும், ஒரு நாள் பழுக்கவும் பழுக்கும். ஆனால், நம் நாட்டு ஜாதிகள் பெரும்பாலானவற்றில் அது தாயின் பழமாக இராது. மாம்பூவுக்கு மகரந்தம் கொண்டுவருபவை ஈக்களும் வண்டுகளும். தகப்பன் எந்தத் தோப்போ, யார் கண்டது?

ருசி மாறாதிருக்க ஒட்டுத்தான் கட்டவேண்டும். தொட்டியில் வளர்ந்த நாட்டுக் கன்றைத் தாய்மரத்துக் கிளையருகே வைத்து, இரண்டையும் ஒரே அளவு சீவி, காயத்தோடு காயம் பொருத்திக் கட்டுகிறார்கள். பட்டைக்கு அடியிலுள்ள வளர்படலங்கள் சேர்ந்துகொண்டால், இரண்டு மூன்று மாதத்தில் ஒரே உடம்பு. பிறகு கன்றின் தலையையும் கிளையின் அடியையும் வெட்டிவிடலாம். வேர் ஒன்றினுடையது, பழம் மற்றொன்றினுடையது.

லக்னௌவுக்கு அருகே தசேரி என்ற கிராமத்தில் ஒரு கிழ மாமரம் நிற்கிறது. கொட்டையில் முளைத்த மரந்தான். அதன் கிளைகளை ஒட்டுக் கட்டித்தான் தசேரி ஜாதி தேசமெங்கும் பரவிற்று. பெயரும் புகழும் வராத இத்தகைய மரங்கள் எத்தனை கொல்லைகளில் விறகாகிப் போயினவோ!

எங்கள் பூர்வீக வீடு விலையானபோது, வாங்கினவர் கொல்லை மாமரத்தை வெட்டப் போவதாகச் சொன்னார். அம்மா விற்ற பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "அந்த மரத்திலே ஒரு ஒட்டு எடுத்துண்டு வாடா" என்றாள். மரத்துக்கு மூன்று மாதம் தவணை கேட்டேன், அவரும் கொடுத்தார்.

கன்று நாலாம் வருஷம் காய்த்தது. அம்மா ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டு வெகு நேரம் பேசவில்லை.

"நம்மாத்துக் கொல்லைதான்" என்றாள் பிறகு.