நம்பர் பிடிக்கிற பைத்தியம்!

டெலிபோன் டைரக்டரியைக் கதைப் புத்தகம் மாதிரி ரசித்துப் படித்தவர்கள் யாராவது உண்டா?

இங்கிலாந்தில் உண்டு. கிட்டத்தட்ட அதே லட்சணத்தில் இருந்த ஒரு புத்தகத்தைப் பள்ளிக்கூடப் பையன்கள் கைக்காசு போட்டு வாங்கி, பாக்கெட்டில் செருகிக்கொண்டு ஸ்டேஷன் ஸ்டேஷனாக அலைந்தார்கள். உள்ளே? நம்பர்கள். பக்கம் பக்கமாக ரயில் எஞ்சின்களின் நம்பர்கள்!

பழைய புத்தகக் கடையில் எனக்கும் அப்படி ஒன்று அகப்பட்டது. 'ஏபிசி' வரிசையில், 1950-களில் வந்தது. சட்டைப் பையில் அடங்குகிற சைஸ். புரட்டிப் பார்த்த நண்பன், "ஏண்டா, இதுல கதை எங்கேடா?" என்றான்.

இருக்கிறது. சில நம்பர்களுக்குக் கீழே மட்டும் யாரோ ஒரு பையன் ஸ்கேல் வைத்து நீல மசியில் கோடு போட்டிருக்கிறான். கோடு போட்டால் அந்த எஞ்சினை நேரில் பார்த்தாயிற்று என்று அர்த்தம். கோடு இல்லாதவை, அவன் காத்திருந்து காத்திருந்து வராமலே போனவை. இதைவிடப் பெரிய காதல் கதை வேண்டுமா, என்ன?

இந்தப் பைத்தியத்தை ஆரம்பித்து வைத்தவர் நம்மைப் போல ஓர் ஆபீஸ் குமாஸ்தா. பெயர் இயன் ஆலன். 15 வயதில் விபத்தில் ஒரு காலை இழந்தவர். லண்டன் வாட்டர்லூவில், சதர்ன் ரயில்வே ஆபீஸில் வேலை. 'அந்த எஞ்சினுக்கு என்ன பெயர், இந்த எஞ்சினுக்கு என்ன நம்பர்' என்று ஓயாமல் வரும் கடுதாசிகளுக்குப் பதில் எழுதி எழுதிச் சலித்துப் போனார். "எல்லாவற்றையும் ஒரே புத்தகமாகப் போட்டுவிட்டால் என்ன?" என்று யோசனை சொன்னார். ஆபீஸ் என்றால் எந்த தேசத்திலும் ஆபீஸ்தானே? மேலே இருந்தவர்களுக்கு அதில் ஆர்வம் இல்லை.

சரி, நானே போடுகிறேன் என்று கிளம்பிவிட்டார். 1942, நடு யுத்தம். ஆசாமிக்கு வயது 20. விலை ஒரு ஷில்லிங், 2,000 பிரதிகள். மளமளவென்று விற்றுத் தீர்ந்தது! அப்புறம் மற்ற ரயில்வேக்களுக்கும் புத்தகம், சொந்தப் பதிப்பகம் என்று எங்கேயோ போய்விட்டார். 2015-ல்தான் காலமானார்.

வெறும் நம்பரில் என்ன இருக்கிறது என்கிறீர்களா? 1948-ல் இங்கிலாந்தில் ரயில்வே தேசியமயமானது. நான்கு பெரிய கம்பெனிகளும் ஒன்றானதும், ஒரே நம்பரில் நாலு எஞ்சின் என்று குழப்பம் வருமே! ஒரு கம்பெனியின் எஞ்சின்களுக்கு 30,000 கூட்டினார்கள். இன்னொன்றுக்கு 40,000. மற்றொன்றுக்கு 60,000. கிரேட் வெஸ்டர்ன் கம்பெனி மட்டும் தப்பித்தது. அதன் எஞ்சின்களில் நம்பரை வார்ப்புத் தகட்டிலேயே பொறித்திருந்தார்கள். யார் போய் அத்தனையையும் கழற்றுவது!

'மல்லார்ட்' என்று ஓர் எஞ்சின். நைஜல் கிரெஸ்லி வடிவமைத்தது. 1938 ஜூலை 3-ம் தேதி மணிக்கு 126 மைல் வேகத்தில் பறந்து, நீராவி எஞ்சின்களில் உலக சாதனை படைத்தது. அன்றைக்கு அதன் நம்பர் 4468. பிறகு 22 ஆனது. அப்புறம் 60022. புத்தகம் கையில் இல்லையென்றால் மூன்று எஞ்சின் என்றுதான் நினைப்போம்.

இன்னொரு வேடிக்கை கேளுங்கள். பெரிய ரிப்பேருக்கு வொர்க்‌ஷாப் போகிற எஞ்சின் பெரும்பாலும் வேறு பாய்லரோடுதான் வெளியே வரும். சக்கரம் மாறும். பல பாகங்கள் மாறும். இத்தனையும் மாறியபின் அதே எஞ்சின்தான் என்று எதை வைத்துச் சொல்வது? நம்பரை வைத்துத்தான்!

அப்புறம் டீசல் வந்தது. 1968 ஆகஸ்டில் பிரிட்டிஷ் ரயில்வேயின் பிரதான லைன்களில் நீராவி அடங்கியது. ஆயிரக்கணக்கான எஞ்சின்கள் பழைய இரும்புக்குப் போயின. 'ஏ-1' பசிபிக் வகையில் மொத்தம் 49 எஞ்சின்கள். நம்பர் 60114 முதல் 60162 வரை. 1966-க்குள் அத்தனையையும் வெட்டிப் போட்டுவிட்டார்கள். மியூசியத்துக்கென்று ஒன்றுகூட மிச்சம் வைக்கவில்லை.

ஆனால் ரசிகர்கள் விடுகிற ஜாதியா? 1990-ல் சிலர் கூடி, "இல்லையென்றால் என்ன, புதிதாகவே செய்துவிடலாம்" என்று கிளம்பினார்கள். ஒரிஜினல் வரைபடங்கள் யார்க் மியூசியத்தில் பத்திரமாக இருந்தன. ஊரெல்லாம் நன்கொடை வசூல். 18 வருஷம், சுமார் 30 லட்சம் பவுண்டு. 2008-ல் டார்லிங்டனில் புத்தம் புதிய ஏ-1 ஒன்று புகை விட்டுக்கொண்டு வெளியே வந்தது. பெயர் 'டொர்னேடோ'.

அதற்கு என்ன நம்பர் கொடுத்தார்கள் தெரியுமா? 60163!

பட்டியல் 60162-ல் முடிந்திருந்தது. நடுவே ஏறக்குறைய 60 வருஷ இடைவெளி. ஒன்றுமே நடக்காத மாதிரி அடுத்த நம்பரைப் போட்டார்கள். எஞ்சின்கள் உலைக்குப் போனாலும் வரிசை போகவில்லை.

ஆகவே, ஆபீஸில் லெட்ஜருக்கும் ரிஜிஸ்தருக்கும் முன்னால் உட்கார்ந்து கொட்டாவி விடும் நண்பர்களே, நம்பரைக் கொஞ்சம் அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதி வையுங்கள். அடுத்த நம்பரைப் போட என்றைக்காவது ஒருவன் வருவான்.