மரம் ஏறிய கணக்குப்பிள்ளை

பொட்டி தட்டும் நண்பர்கள் இந்தப் பதிவைத் தாண்டிப் போய்விடலாம், உங்களுக்கு இது அரிச்சுவடி. பி.காம். படித்துவிட்டு ஷார்ஜாவில் வங்கி வேலையில் காலம் தள்ளும் என்னைப் போன்ற அப்பாக்களுக்காக எழுதுகிறேன்.

மகள் கம்ப்யூட்டர் சயின்ஸ் இரண்டாம் வருடம். "பைனரி ட்ரீ மண்டையில ஏறலப்பா, வேற கோர்ஸ் மாறிக்கறேன்" என்று ஒரு வாரமாகப் புலம்பல். புத்தகத்தை வாங்கிப் பார்த்தேன். வட்டம், கோடு, ஏ, பி, சி. யாருக்குத்தான் ஏறும்? ஒரு காகிதத்தில் எங்கள் ஊர் ஆற்றை வரைந்தேன்.

எங்கள் ஊர் கொழிஞ்சாம்பாறை. பாலக்காடு ஜில்லாதான், ஆனால் வீட்டிலும் கடைத்தெருவிலும் தமிழ். பாரதப்புழை 209 கிலோமீட்டர் ஓடி பொன்னானியில் கடலில் சேர்கிறது. பறளியில் கல்பாத்திப்புழையும் கண்ணாடிப்புழையும் (எங்களுக்கு அது சித்தூர் ஆறு) சேர்ந்து பாரதப்புழை ஆகிறது. அதை வேர் என்று வையுங்கள். கல்பாத்திக்குக் கீழே மலம்புழை, கோரையாறு. கண்ணாடிக்குக் கீழே ஆழியாறு, பாலாறு. மற்ற ஓடைகளை விட்டுவிட்டால் மொத்தம் ஏழு கணுக்கள். ஒவ்வொன்றுக்கும் அதிகபட்சம் இரண்டு பிள்ளைகள். அதுதான் பைனரி ட்ரீ!

எல்லாக் கணுவுக்கும் இரண்டு பிள்ளை அல்லது பிள்ளையே இல்லை என்றால் ஃபுல் ட்ரீ. கூடவே இலைகள் எல்லாம் ஒரே மட்டத்தில் இருந்தால் பெர்ஃபெக்ட். நம் ஏழு ஆறும் அப்படித்தான். ஒவ்வொன்றுக்கும் ஒரே பிள்ளையாக வால் போல நீண்டால் ஸ்க்யூட் ட்ரீ. "எங்க ஊரை விட்டுட்டீங்களே" என்றார் தங்கமணி. அவர் மூணாறுக்காரர். முதிரப்புழை, நல்லதண்ணி, குண்டளை மூன்றும் கூடுவதால்தானே அந்தப் பெயர்! மூன்று பிள்ளைக்கு பைனரியில் இடமில்லை. இரண்டை முதலில் சேர்த்து, அதோடு மூன்றாவதைச் சேர்த்து வரைந்து சமாதானம் செய்தோம் :-)

அடுத்து, சுற்றி வருவது. ப்ரீ-ஆர்டர் என்றால் தலைவர் முதலில்: பாரதப்புழை, கல்பாத்தி, மலம்புழை, கோரையாறு, கண்ணாடி, ஆழியாறு, பாலாறு. இன்-ஆர்டரில் தலைவர் நடுவில்: மலம்புழை, கல்பாத்தி, கோரையாறு, பாரதப்புழை, ஆழியாறு, கண்ணாடி, பாலாறு. போஸ்ட்-ஆர்டரில் பிள்ளைகள் முடிந்த பிறகே தலைவர்: மலம்புழை, கோரையாறு, கல்பாத்தி, ஆழியாறு, பாலாறு, கண்ணாடி, கடைசியில் பாரதப்புழை. மட்டம் மட்டமாக மேலிருந்து படித்தால் லெவல்-ஆர்டர்.

போஸ்ட்-ஆர்டர் எனக்குப் பழைய சிநேகிதன். கிளைகளின் கணக்கு முடியாமல் வட்டார அலுவலகக் கணக்கு முடியாது, வட்டாரம் முடியாமல் தலைமை அலுவலகம் முடியாது. ஆறுகளுக்கும் இதே முறையில் தரம் போடுகிறார்கள். ஹார்ட்டன் 1945-ல் சொன்னதை ஸ்ட்ராலர் 1952-ல் எளிமையாக்கினார். கிளையில்லாத ஓடைக்கு 1. சமமான இரண்டு சேர்ந்தால் ஒன்று கூடும். பெரியதோடு சிறியது சேர்ந்தால் பெரியதன் எண்ணே நிற்கும். நம் படத்தில் இலைகள் 1, கல்பாத்தியும் கண்ணாடியும் 2, பாரதப்புழை 3. ரஷ்யாவின் எர்ஷோவ் 1958-ல், ஒரு கணக்கைப் போட கம்ப்யூட்டருக்கு எத்தனை ரெஜிஸ்டர் வேண்டும் என்று பார்த்தபோது இதே விதிக்குத்தான் வந்து சேர்ந்தார். இதைக் கேட்டதும் மகள் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

அப்புறம் அவள் கேட்டதுதான் என்னை உலுக்கியது. "அப்ப பெரியப்பா கேட்டதுக்கு நீங்க ஏன் ப்ரீ-ஆர்டர்ல யோசிக்கறீங்க?"

விஷயம் இதுதான். தென்னந்தோப்பை விற்றுவிடலாமா என்று அண்ணன் போனில் கேட்டிருந்தார். தண்ணீர் பற்றவில்லை. நான் விலையை மட்டும் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். "இலையிலிருந்து வாங்கப்பா" என்றாள்.

வந்து பார்த்தோம். 1970 பரம்பிக்குளம் - ஆழியாறு ஒப்பந்தப்படி வருடத்துக்கு 7.25 டி.எம்.சி. தண்ணீர் மணக்கடவில் கேரளத்துக்குத் தர வேண்டும். அதுதான் சித்தூர் ஆற்றுக்கு உயிர். அதில் கொஞ்சம் மூலத்தறையிலிருந்து கால்வாயில் பிரிகிறது. அங்கே மரத்தின் விதியே உடைகிறது. மரத்தில் ஒரு பிள்ளைக்கு ஒரு பெற்றோர்தான், கால்வாய் வெட்டினால் தண்ணீருக்கு இரண்டு வழி. பரம்பிக்குளத்துத் தண்ணீரும் சாலக்குடி ஆற்றுக்குப் போக வேண்டியது, சுரங்கம் வழியாகக் கிழக்கே திரும்புகிறது. "இதுக்குப் பேர் கிராஃப், அடுத்த பாடம்" என்றாள்.

அண்ணனிடம் இப்போது வேறு கேள்விகள் கேட்டிருக்கிறேன். கால்வாயில் வருடத்தில் எத்தனை நாள் தண்ணீர் வந்தது, கிணறு எந்த மாதம் வற்றியது, எத்தனை மரம் காய்க்கிறது. அந்தப் பதில்கள் வராமல் தோப்புக்கு விலை பேசுவதில்லை என்று இருவரும் முடிவு செய்திருக்கிறோம். மகளும் கோர்ஸ் மாறவில்லை.