அம்மாவுக்குள் போன வானொலி அலை

"முதுகுவலிதானே, மெத்தை சரியில்ல" என்றார் அம்மா. மார்பகப் புற்றுநோய்ச் சிகிச்சை முடிந்து நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. வீட்டில் அந்த நோயின் பெயரைச் சொல்வதையே நிறுத்தியிருந்தோம்.

எலும்பு ஸ்கேனில் தெளிவாக எதுவும் தெரியவில்லை. வலியோ இரவில் கூடிக்கொண்டே போனது. முழு உடல் எம்ஆர்ஐ எடுக்கலாம் என்றார் மருத்துவர். புற்றுக்கு எலும்பு காட்டும் எதிர்வினையைத்தான் எலும்பு ஸ்கேன் பார்க்கிறது. எம்ஆர்ஐ எலும்பு மஜ்ஜையையே பார்க்கும். எலும்புக்குப் பரவும் செல்கள் பெரும்பாலும் முதலில் குடியேறுவது அங்கேதான்.

ஸ்கேன் அன்று, உடம்பில் உலோகம் எதுவும் இருக்கக்கூடாது என்றார் தாதி. அம்மாவின் கை தாலிக்கொடிக்குப் போய் அங்கேயே நின்றது. அப்பா சட்டைப்பையிலிருந்து மஞ்சள் துண்டு கட்டிய கயிற்றை எடுத்து நீட்டினார். முதல் நாளே யாரையோ விசாரித்து வைத்திருக்கிறார். எங்களிடம் சொல்லவில்லை.

என் வேலை என்னவென்று தெரிந்ததும் ஸ்கேன் பணியாளர், "இதுவும் ரேடியோதான்" என்றார். எக்ஸ்ரே கதிர் கிடையாது. காந்தமும் வானொலி அலைகளும்தான். 1.5 டெஸ்லா இயந்திரத்தில், உடலிலுள்ள ஹைட்ரஜன் அணுக்கள் ஏறக்குறைய 64 மெகாஹெர்ட்ஸில் பதில் தருகின்றன. நான் பேசும் பண்பலை அதற்குச் சற்று மேலே, 88 முதல் 108 வரை. வெளி ஒலிபரப்பு குறுக்கிடாதிருக்க அந்த அறைக்கு உலோகக் கவசம் உண்டு. என் குரல் நுழைய முடியாத அறையில் அம்மா ஒரு மணி நேரம் படுத்திருந்தார்.

செல்கள் நெருக்கியடித்த இடத்தில் நீர் மூலக்கூறுகள் தாராளமாக நகர முடியாது. அந்தத் தடையைப் படமாக்கினால் புற்று தனித்துத் தெரியும். இயல்பாக மூச்சு விட்டபடியே உடல் முழுவதையும் இப்படிப் படமெடுக்கும் முறையை 2004இல் ஜப்பானின் தாரோ தகஹாரா குழுவினர் வெளியிட்டனர்.

அம்மாவின் முதுகெலும்பில் ஒன்று, இடுப்பில் ஒன்று தெரிந்தது. ஈரலிலும் ஒரு புள்ளி. முதல் இரண்டும் பரவிய புற்று. ஈரலில் இருந்தது வெறும் நீர்க்கட்டி என்று உறுதியாகப் பத்து நாள் ஆனது. அந்தப் பத்து நாளும் அப்பா சரியாகச் சாப்பிடவில்லை.

எலும்பு முறியும் முன்பே கதிர்வீச்சுச் சிகிச்சை தொடங்கியது, மருந்தும் மாறியது. "வலிக்குக் காரணம் தெரிஞ்சிருச்சு. இனி மெத்தையத் திட்ட வேணாம்" என்றார் அம்மா.

இப்போது கிள்ளானில் இருக்கும் சித்தி கேட்கிறார்: "நானும் ஒன்னு எடுத்துப் பார்க்கட்டுமா?" சித்திக்கு எந்த நோய் அறிகுறியும் இல்லை. அப்படிப்பட்டவர்களுக்கு இந்த ஸ்கேனைப் பரிந்துரைக்கப் போதிய சான்று இல்லை என்று 2023இல் அமெரிக்கக் கதிரியக்கவியல் கல்லூரி அறிவித்தது. எனக்கு ஈரல் புள்ளியின் அந்தப் பத்து நாளே போதுமான விளக்கம். "டாக்டரைப் பார்த்து மேமோகிராம் பத்திக் கேளுங்க சித்தி" என்றேன்.

நானும் மார்பகப் பரிசோதனைக்கு நாள் வாங்கிவிட்டேன். துணைக்கு அம்மா வருகிறார்.