நாமினி இடத்தில் யார் பெயர்?

மும்பைக்கு வந்து பதினாறு வருஷம் ஆச்சு. பேங்க் ஆபீசர் என்றால் லோன் ஃபைலும் வட்டிக் கணக்கும்தான் வேலை என்று நினைப்பீர்கள். என்னை ராத்திரி தூங்கவிடாமல் செய்வது இறந்தவர்களின் கணக்கை முடித்துக் கொடுக்கிற வேலை.

சமீபத்தில் ஒரு கேஸ் (ஆள் தெரியாமலிருக்க விவரங்களைக் கொஞ்சம் மாற்றியிருக்கிறேன்). டோம்பிவிலியில் இருந்த நம்ம ஊர்க்காரர். 44 வயசு, மாரடைப்பு. உயில் இல்லை. ஃபிக்ஸட் டெபாசிட்டில் 12 லட்சம். கல்யாணத்துக்கு முன்னால் தொடங்கி, புதுப்பித்துக்கொண்டே வந்தது. நாமினி, ஊரில் இருக்கும் அம்மா.

"பதினஞ்சு வருஷம் கூட வாழ்ந்திருக்கேன் சார், என் பேரே இல்லையா?" என்றார் மனைவி. "நாமினி எங்க அக்காதானே, அப்ப பணம் முழுக்க அவங்களுக்குத்தானே?" என்று போனில் கேட்டார் தாய்மாமன்.

இரண்டு பேர் நினைத்ததும் தப்பு.

நாமினி என்பவர் கல்யாண வீட்டில் மொய் எழுதுகிறவர் மாதிரி. நோட்டும் பையும் அவர் கையில் இருக்கும், பணம் கல்யாண வீட்டுக்காரருடையது. பேங்க் டெபாசிட்டுக்கு 2010-லும், ஷேருக்கு 2023-லும் சுப்ரீம் கோர்ட் இதைத்தான் சொன்னது.

அப்படியென்றால் பணம் யாருக்கு? 1956 இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் இறந்த ஆணின் சொத்தில் மனைவி, பிள்ளைகள், அம்மா எல்லோருக்கும் சம பங்கு. (அப்பா அந்த முதல் வரிசையில் இல்லை!) இங்கே மனைவி, இரண்டு பிள்ளைகள், அம்மா. ஆளுக்கு 3 லட்சம்.

ஆனால் பேங்க் பங்கு பிரிக்காது. நாமினியிடம் கொடுத்ததும் எங்கள் பொறுப்பு முடிந்தது. அம்மா தர மறுத்தால் மருமகள் கோர்ட்டுக்குத்தான் போகணும்.

தாய்மாமனோடு ரயிலேறி வந்த அம்மாவிடம் இதையெல்லாம் தமிழில் விளக்கிச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், "என் மூணு லட்சம் எனக்கு வேணும் தம்பி. மாத்திரைக்கு மாசாமாசம் மருமக கையைப் பார்த்துக்கிட்டு நிக்க முடியாது. மிச்சம் அவங்களோடது, எங்க கையெழுத்துப் போடணும்?" என்றார்.

மருமகளுக்கு முகம் மாறிவிட்டது. எனக்கு அந்த அம்மா கேட்டது நியாயமாகத்தான் பட்டது. விட்டுக்கொடுத்திருந்தால் தியாகி என்றிருப்போம். அந்தப் பட்டம் மாத்திரை வாங்கித் தராதே! அதே வாரம் 9 லட்சம் மருமகள் கணக்குக்குப் போனது. எல்லாக் குடும்பத்திலும் இப்படி முடிவதில்லை.

2025 நவம்பர் 1 முதல் டெபாசிட்டுக்கு நாலு நாமினி வரை, சதவீதம் பிரித்தே போடலாம். ஆனாலும் நாமினி நாமினிதான். யாருக்கு என்ன என்று நீங்களே சொல்ல உயில் வேண்டும். வெள்ளைப் பேப்பர் போதும், இரண்டு சாட்சிகள் கையெழுத்துப் போடணும், பதிவு கட்டாயமில்லை. மும்பை, சென்னை, கொல்கத்தாவில் உயிலுக்கு கோர்ட்டில் புரொபேட் வாங்கியே தீரணும் என்றிருந்த விதியையும் 2025 டிசம்பரில் எடுத்துவிட்டார்கள். தகராறு வந்தால் கோர்ட்தான், அதில் மாற்றமில்லை.

"நல்ல நாள் அதுவுமா சாவைப் பத்திப் பேசாதீங்க" என்பார் வீட்டம்மா. அதனால் நல்ல நாள் இல்லாத ஒரு சாதாரண ஞாயிற்றுக்கிழமை பார்த்து, பழைய எஃப்.டி. ரசீதுகளை வெளியே எடுங்கள். நாமினி இடத்தில் யார் பெயர் இருக்கிறது?