செவி வழங்கும் தீர்ப்பு

சிங்கப்பூர்த் தேக்காச் சந்தையில் சற்றுநேரம் நிற்பவர் பல மொழிகளை ஒருங்கே கேட்கலாம். ஒரு கடையில் மீன் விலை தமிழில் பேசப்படும். அடுத்த கடையில் மாண்டரின் ஒலிக்கும். இடையே மலாயும் கலக்கும். ‘தேக்கா’ என்னும் பெயரே, சிறு மூங்கில்களின் அடி எனப் பொருள்படும் ஹொக்கியன் தொடரின் மரூஉ ஆகும். அயலாய் இருந்த அவ்வொலி இன்று தமிழர் நாவில் சொந்தச் சொற்போல் வழங்குகிறது.

எனினும் மொழிகளைப் பற்றி மக்கள் வழங்கும் தீர்ப்புகளோ கடுமையானவை. சீனம் சண்டையிடுவதுபோல் இருக்கிறது என்பர் சிலர். தமிழைத் தகரக் குவளையில் குலுக்கிய கூழாங்கற்களுக்கு ஒப்பிடுவர் வேறு சிலர். புகழுரையும் இத்தகையதே. ஐரோப்பியர் மலாயைக் ‘கிழக்கின் இத்தாலியம்’ என்றனர். அதே பட்டத்தைத் தெலுங்குக்கும் சூட்டினர். உயிரொலி மிகுந்த இத்தாலிய மொழியே அவர்தம் அளவுகோல்!

மாண்டரினில் ஒரே அசை, குரலின் ஏற்ற இறக்கத்தால் வெவ்வேறு பொருள் தரும். திடீரென இறங்கும் தொனியைப் பழகாத செவி சினம் என எண்ணுகிறது. அவ்வாறே ட, ண, ள, ழ முதலிய ஒலிகளை அறியாத செவி, தமிழ்ச் சொல் எங்கே முடிகிறது எனக் காணாமல் யாவற்றையும் சலசலப்பாகக் கொள்கிறது. 2023ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வில், 228 மொழிகளின் ஒலிப்பதிவுகளை 820 பேர் கேட்டு மதிப்பிட்டனர். எம்மொழி அழகியது என்பதில் அவர்களிடையே பெரிய ஒற்றுமை காணப்படவில்லை. தமக்குத் தெரிந்தது எனக் கருதிய மொழியையே சற்று மிகுதியாக விரும்பினர்.

தொல்காப்பியர் இதனை நன்குணர்ந்தவர் போலும். வல்லிசை வண்ணம், மெல்லிசை வண்ணம் ஆகிய இரண்டையும் இருபது வண்ணங்களுள் அடக்கினார். வன்மையைக் குற்றமாக அவர் கருதவில்லை.

1979இல் ‘மாண்டரின் பேசுக’ இயக்கம் தொடங்கிய பின், சீனக் கிளைமொழிகள் இல்லங்களில் அருகின. பாட்டியின் மொழி பேரப்பிள்ளைக்கு அயலொலி ஆயிற்று. தமிழுக்கும் அந்நிலை தொலைவில் இல்லை. 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, ஐந்து வயதும் அதற்கு மேலும் உள்ள சிங்கப்பூர்வாசிகளுள் வீட்டில் ஆங்கிலத்தையே மிகுதியாகப் பேசுவோர் 48.3 விழுக்காட்டினர், தமிழை அவ்வாறு பேசுவோர் 2.5 விழுக்காட்டினர்.

ஆங்கிலம் கேட்டு வளரும் தமிழ்ப் பிள்ளைக்குத் தமிழ் கரடாக ஒலிக்குமாயின், குறை மொழியிலும் இல்லை, பிள்ளையிலும் இல்லை; கேளாமையில் உள்ளது. தமிழ் என்னும் சொல்லுக்கு இனிமை என்று பிங்கல நிகண்டு பொருள் கூறுவதை மனப்பாடம் செய்வித்தால் மட்டும் அவ்வினிமை புலப்படாது. தாலாட்டாகவும் கதையாகவும் வேடிக்கைப் பேச்சாகவும் நாள்தோறும் அது காதில் விழவேண்டும். அவ்வாறு கேட்டுப் பழகிய பிள்ளை, அண்டை வீட்டாரின் மொழியையும் கரடு என்று தள்ளாது. அதுவும் ஒரு தாயின் தாலாட்டு என்றே உணரும்.